எல்லாரும் ‘ஓம்’ என்றார்கள், ஏழு வள்ளம் போனது

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. திருகோணமலை நகரை ஒட்டிய ஒரு கடற்கரைக் கிராமத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். வயது 26. காலநிலை அறிவித்தல் வந்தால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பொறுப்பு. போன மார்கழியில் ஒரு பின்னேரம், ‘திருகோணமலை ஊடான கடற்பரப்புகளில் காற்றின் வேகம் மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கக்கூடும். கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்கவும்’ என்று வந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன். அநேகமாக எல்லாருமே பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது. ‘ஓம் பிள்ளை’ என்று பதிலும் வந்தது. ஆனால் அன்றிரவு ஏழு வள்ளங்கள் தொழிலுக்குப் போயின. ஐந்து பாதியில் திரும்பின. மற்ற இரண்டும் வலையை இழந்து, ஒருவருக்குக் கை முறிந்து, விடியத்தான் கரை சேர்ந்தன. கூட்டத்தில் ‘நீ வடிவாச் சொல்லேல்லை’ என்கிறார்கள். டிப்ளோமா வகுப்பில் குறியாக்கம், குறிவிலக்கம் என்று படம் போட்டுப் படித்தவள் நான். அனுப்பியதும் சரி, போய்ச் சேர்ந்ததும் சரி. பிழை எங்கே?

பதில்:

தங்கச்சி,

போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள் என்று வாசித்த பிறகுதான் கடிதத்தின் மிச்சத்தை வாசிக்க மனம் வந்தது. கை முறிந்தவரை ஒருக்கா போய்ப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். அன்றைக்கு அந்த அறிவித்தலை அவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்று கேட்டு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நான் கீழே எழுதப்போவதை விட அது உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

நீங்கள் வகுப்பில் பார்த்த படம் எனக்கும் நன்றாகத் தெரியும். இடது பக்கம், நினைத்ததைச் சொல்லாகவோ குறியாகவோ மாற்றும் (குறியாக்கும்) அனுப்புநர்; வலது பக்கம், அந்தக் குறியிலிருந்து பொருளை எடுக்கும் (குறிவிலக்கும்) பெறுநர்; இடையில் ஒரு வழி, மேலேயிருந்து விழுந்து குறியைக் குழப்பும் ‘இரைச்சல்’. அந்தப் படத்தின் வேர் 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கிளோட் ஷனன் எழுதிய கட்டுரை. அவருக்கு முன்னால் இருந்தது தொலைபேசிக் கம்பி, தந்திக் கம்பி. ஒரு முனையில் போட்ட குறி மறுமுனையில் பழுதில்லாமல் வருமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்பது தன் பொறியியல் கணக்கில் சேராது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கிவைத்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரையோடு சேர்த்து வொரன் வீவர் ஒரு விளக்கம் எழுதினார். அவர் மூன்று படிகளைப் பிரித்தார்: குறி சரியாகப் போய்ச் சேர்ந்ததா, நினைத்த அர்த்தம் போய்ச் சேர்ந்ததா, அதனால் கேட்டவரின் நடத்தை மாறியதா. நம் வகுப்புகளில் படத்தை வரைய வைக்கிறோம், இந்த மூன்று படிகளை ஓடிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது நெடுநாள் வருத்தம்.

நீல அடையாளம் சொல்வது முதல் படியை மட்டும்தான். கண்ணாடித் திரை வரை எழுத்து வந்திருக்கிறது, யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது அவரா, அவருடைய பேரப்பிள்ளையா என்பதுகூட அதில் தெரியாது. நீங்கள் ‘போய்ச் சேர்ந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது, சரி. அங்கிருந்து ஒரு மனிதருடைய தலைக்குள் போகும் தூரம்தான் மிச்சம், அந்தத் தூரத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

1954இல் வில்பர் ஷ்ராம் என்ற தொடர்பாடல் ஆய்வாளர் இந்தப் படத்தை மாற்றி வரைந்தார். அவருடைய படத்தில் மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறார்கள்: குறியை விலக்குகிறார்கள், அதைத் தங்கள் அறிவுக்கு ஏற்பப் பொருள்கொள்கிறார்கள், மறுபடி குறியாக்குகிறார்கள். ஒவ்வொருவரையும் சுற்றி ஓர் ‘அனுபவப் புலம்’ இருக்கிறது. இரண்டு பேருடைய புலங்கள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அவ்வளவுக்குத்தான் செய்தி கடக்கும். புலத்துக்கு வெளியே விழுந்த சொல் வெறும் சத்தம்.

எனக்கு இது புத்தகத்தில் விளங்கவில்லை. 2005 தொடக்கத்தில், சுனாமிக்குப் பிறகு, ஒரு நலன்புரி நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்லும் வேலை எனக்கு. நிவாரணப் பதிவுக்காக, ‘குடும்பத் தலைவர்கள் அடையாள அட்டையோடு மண்டபத்துக்கு வரவும்’ என்று மூன்று தரம் சொன்னேன். பின்னேரம் பட்டியலைப் பார்த்தால், கணவனைக் கடல் கொண்டுபோன பெண்களில் ஒருவர்கூடப் பதிந்திருக்கவில்லை. மரத்தடியில் இருந்த ஓர் அக்காவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ‘எங்கட வீட்டில தலைவர் இல்லையே தம்பி’ என்றார். படிவத்தில் இருந்த சொல்லை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தேன், நீங்கள் அனுப்பியதைப் போலவே. அடுத்த நாள் காலை, ‘வீட்டுக்கு ஒருவர் வாங்கோ, ஆணோ பெண்ணோ ஆர் எண்டாலும் வாங்கோ’ என்று சொன்னேன். வந்தார்கள். இருபது வருடமாகிறது, அந்த அக்காவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி உங்கள் அறிவித்தலை எடுப்போம். அது உங்கள் கைக்கு வருமுன்னரே பல கை மாறியிருக்கிறது. வளிமண்டலவியல் ஆள் வரைபடத்தைப் பார்த்து எண்ணாக்கினார். யாரோ அதை அலுவலகத் தமிழாக்கினார். நீங்கள் குழுவில் போட்டீர்கள். வீட்டில் மகன் வாசித்து, எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த தகப்பனுக்கு, ‘அப்பா, காத்தடிக்குமாம், கவனமாப் போகட்டாம்’ என்று சொன்னான். இதுதான் கடைசிக் குறியாக்கம். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ‘அவதானமாக இருக்கவும்’ என்பதற்கு வீட்டுத் தமிழில் ‘கவனமாப் போங்கோ’ என்றுதான் பொருள். போக வேண்டாம் என்பது அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ‘கூடும்’ என்ற சொல்லும் அப்படித்தான். எழுதியவருக்கு அது அறிவியல் நேர்மை. கடலுக்குப் போகிறவருக்கு அது ‘வந்தாலும் வரும், வராமலும் போகும்’.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது உங்கள் சங்கத்து இளந்தாரிகளுக்கு என்ன? நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் வேகம், அதுவும் மெதுவாக. அவர்கள் வாழ்க்கையில் ‘கிலோமீற்றர், மணி’ என்ற சொற்கள் ஒட்டியிருக்கும் இடம் வீதி. 60 என்று கேட்டதும் மனம் அங்கே போய்ப் பொருள் எடுக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறது. காற்றின் கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். 30இல் வீசும் காற்றில் வள்ளம் ஓட்டிப் பழகியவர், 60 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு என்று நினைத்தால் பாதியைத் தவறவிட்டுவிட்டார்.

இதே சிக்கலை 1805இலேயே ஒருவர் அழகாக அவிழ்த்தார். பிரான்சிஸ் போபோர்ட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி காற்றுக்கு 0 முதல் 12 வரை படி வகுத்தார். முதலில் அந்தப் படிகளில் வேகமே இல்லை. இந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம், எதைச் சுருட்ட வேண்டும் என்பதுதான் அளவுகோல். கப்பலில் இருக்கும் எவருக்கும் பாய் தெரியும். கருவி தேவையில்லை, கணக்குத் தேவையில்லை. 1838இல் கடற்படை தன் கப்பல் பதிவேடுகளுக்கு அதையே விதியாக்கியது. 1957 வரை நம் துறைமுகத்தில் தளம் வைத்திருந்த அதே கடற்படை. பிற்பாடு தரைக்கும் கடலுக்கும் அடையாளங்கள் சேர்த்தார்கள். உங்கள் 50 முதல் 60, அந்த அளவுகோலில் ஏழாம் படி. தரையில், மரங்கள் அடியோடு ஆடும், காற்றுக்கு எதிரே நடப்பது கஷ்டம். கடலில், அலை குவிந்து எழும்பி உடையும், உடைந்த நுரையைக் காற்று கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும். ஆறாம் படியிலேயே குடை பிடிப்பது சிரமம்.

இப்படி ஓர் அளவுகோலை உங்கள் கரைக்கு நீங்கள் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். தனியாக மேசையில் இருந்து செய்ய வேண்டாம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் மனிதர்களோடுதான் வேலை செய்கிறீர்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) சொல்லும் பெரியவர்களைக் கூட்டி இருத்துங்கள். ‘சுவாமி மலையடியில் அலை எப்படி இருந்தால் நீங்கள் வள்ளம் இறக்க மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள், ‘திருத்தி’ எழுத வேண்டாம். பிறகு உங்கள் பிரிவின் கடற்றொழில் பரிசோதகரிடம் காட்டி, எந்தச் சொல் எந்த எண்ணுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். எண்ணையும் அந்தச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இரண்டு பருவம் அனுப்பினால், எண்ணுக்கும் மெல்ல அர்த்தம் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஏழு வள்ளமும் விளங்காமல்தான் போயின என்று நினைக்க வேண்டாம். ஸ்டுவர்ட் ஹோல் என்பவர், ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், 1973இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் காட்டினார். குறியை விலக்குபவர் வெறும் பாத்திரம் அல்ல. சிலர் அனுப்பியவர் நினைத்தபடியே ஏற்பார்கள். சிலர் பொதுவாகச் சரி என்று ஏற்றுக்கொண்டு, தங்கள் விஷயத்தில் விலக்குக் கேட்பார்கள். சிலர் நன்றாக விளங்கிக்கொண்டே எதிராக வாசிப்பார்கள். உங்கள் குழுவில் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டியவர் முதலாமவர். ‘காற்று வரும்தான், ஆனால் என் எஞ்சின் பெரிசு, பன்னிரண்டுக்குள் வந்திடுவன்’ என்றவர் இரண்டாமவர். ‘இவங்கள் எப்பவும் இப்படித்தான், போனமுறை சொன்ன அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது’ என்றவர் மூன்றாமவர்.

மூன்று பேருக்கும் ஒரே மருந்து சரிவராது. இரண்டாமவருக்கு இன்னும் எளிய தமிழ் எதற்கு? அவருக்குத் தேவை நேரம். காற்று எப்போது எழும்பும் என்று தெரிந்தால் அவரே கணக்குப் போடுவார். அறிவித்தலில் நேரம் இல்லையென்றால் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்றாமவரின் சிக்கல் நம்பிக்கை. எச்சரித்தும் காற்று வராத நாளில் நாம் எல்லாரும் பேசாமல் இருந்துவிடுகிறோம். நீங்கள் அடுத்த நாள் காலையே எழுதுங்கள்: ‘நேற்றுச் சொன்ன காற்று நம் பக்கம் வரவில்லை. தொழில் விட்டவர்களுக்கு ஒரு நாள் வருமானம் போனது சங்கத்துக்குத் தெரியும்.’ இதை ஒரு பருவம் விடாமல் செய்தால், வரும் என்று சொல்கிற அன்று உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும். இன்னும் ஒன்று. அடகில் நகையும் வீட்டில் பள்ளிப் பிள்ளையும் இருப்பவர் எல்லாம் விளங்கியும் போவார். அதற்குக் குறியாக்கத்தில் விடை கிடையாது. சங்கக் கூட்டத்தில் சேமிப்பு, கைமாற்று என்று பேச வேண்டிய விடயம் அது. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் வைக்க எவரையும் விடாதீர்கள்.

அடுத்தது இந்த ‘ஓம்’. நம் ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று அகராதி சொல்லும். வாயில் அது எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘கேட்கிறேன், சொல்லு’ என்பதும் ஓம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதும் ஓம். ‘சரி பிள்ளை, நீ உன் கடமையைச் செய்தாய், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதும் ஓம். புறப்படும்போது ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர் இது. மரியாதையும் பாசமும் நம் குறிகளுக்குள்ளே நிறைந்திருக்கின்றன. பெரியவர்கள் உங்களுக்கு அனுப்பிய ஓம் அநேகமாக மூன்றாவது ஓம்தான். ‘விளங்கிச்சா?’ என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால் ‘விளங்கேல்லை’ என்று சொல்லும் மண்டாடியை, அதாவது வள்ளத்தை நடத்தும் தலைவரை, நான் பார்த்ததில்லை.

உட்துறைமுகத்துக்குள் கப்பல் வரும்போது என்ன நடக்கிறது என்று துறைமுகத்தில் வேலை செய்யும் யாரையாவது கேளுங்கள். வழிகாட்டி ஒரு கட்டளை சொன்னால், சுக்கான் பிடிப்பவர் அதே கட்டளையைத் திருப்பிச் சொல்கிறார். சுக்கான் அந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி சொல்கிறார். ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் அங்கே போதாது, ஏனென்றால் சரி என்பதில் எண் இல்லை. ஆஸ்பத்திரிகளிலும், மருந்தை எப்படிக் குடிப்பீர்கள் என்று நோயாளியையே சொல்ல வைக்கும் பழக்கம் பரவிவருகிறது. கேட்டவர் தன் சொல்லில் திருப்பிக் குறியாக்கும்போதுதான் உள்ளே என்ன விழுந்தது என்று வெளியே தெரியும்.

மாமா முறை, அண்ணா முறை ஆட்களை ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ’ என்று கேட்க முடியாது. கேட்கவும் கூடாது, அது பரீட்சை. வேறு விதமாகக் கேளுங்கள். ‘மாமா, இண்டைக்கு எத்தனை மணிக்கு வள்ளம் இறக்கிறீங்கள்?’ பதிலில் எல்லாம் இருக்கும். ‘இண்டைக்கு எங்க இறக்கிறது’ என்றால் செய்தி சேர்ந்துவிட்டது. ‘வழமை போலத்தான்’ என்றால் சேரவில்லை, அல்லது அவர் இரண்டாமவர். எல்லாருக்கும் அழைக்கத் தேவையில்லை. சின்ன வள்ளக்காரர் நாலைந்து பேருக்கு அழையுங்கள், கரையில் கதை தானாகப் பரவும்.

அறிவித்தலை எப்படி எழுதுவது என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு மாதிரி தருகிறேன்.

‘இன்று இரவு நம் கடலில் காற்று பலமாகலாம். தென்னை அடியோடு ஆடுகிற, எதிரே நடக்கக் கஷ்டமான காற்று. சின்ன வள்ளம் இறக்க வேண்டாம் என்று சங்கம் கேட்கிறது. போக யோசிப்பவர்கள் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லுங்கள். மறுபடி: இன்று இரவு சின்ன வள்ளம் இறக்க வேண்டாம்.’

இதற்குக் கீழே வந்த அறிவித்தலை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். இதில் கவனம் வேண்டும். ‘அவதானமாக இருக்கவும்’ என்று வந்ததை நீங்களாக ‘போக வேண்டாம்’ என்று மாற்றி, திணைக்களம் சொன்னதுபோல் அனுப்பக் கூடாது. ‘சங்கம் கேட்கிறது’ என்று எழுதுவதற்கு முன்பு சங்கம் அப்படி முடிவெடுத்திருக்க வேண்டும். எத்தனையாம் படிக் காற்றுக்கு எந்த வள்ளம் நிற்க வேண்டும் என்று வாடைக் காற்றுக் காலம் தொடங்கும் முன்பே கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். அப்போது அந்த வாக்கியம் உங்கள் துணிச்சலாக இருக்காது, அவர்களுடைய வாக்காக இருக்கும்.

கடைசியில் ஒரே விடயத்தை இரண்டு தரம் சொல்லியிருப்பதைக் கவனித்தீர்களா? அது ஷனனிடம் கற்றது. மொழியில் இருக்கும் மிகை வீண் அல்ல, இரைச்சலில் ஒரு பாதி போனாலும் மறுபாதி காப்பாற்றும் என்று அவருடைய கணக்கே காட்டுகிறது. அதையே உங்கள் குரலிலும் பதிந்து போடுங்கள். எஞ்சின் சத்தத்தில் கேட்பவருக்கும், கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவருக்கும் குரல் வேண்டும். சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி போடுகிறவர்களில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிங்களத்தில் ஒரு பதிவு போட, இரண்டு மொழியும் சரளமான கடற்றொழிலாளி ஒருவரைப் பிடியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி கடலைப் பார்த்ததில்லை.

இந்தோனேசியாவின் சுமாத்திராவுக்கு மேற்கே சிமியுலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே நிலம் அதிர்ந்து பின்னால் பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், ஸ்மோங் என்று கத்திக்கொண்டு மலைக்கு ஓடு. இதைத் தாலாட்டாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நில அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் சில நிமிடங்களில் அலை வந்தது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். நம் கரையில் பலர் சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் கேட்டோம். முதல் அலைக்குப் பிறகு கடல் பின்வாங்கியதைப் பார்க்க இறங்கியவர்களும் இருந்தார்கள். கடல் எல்லாருக்கும் ஒரே குறியைத்தான் காட்டியது. அதை விலக்கும் சாவியை அந்தத் தீவில் தொண்ணூற்றேழு வருடம் கைமாற்றி வைத்திருந்தார்கள்.

உங்கள் கரைக்கும் அப்படி ஒரு சொல் எங்காவது இருக்கும். வள்ளம் இறக்கக் கூடாத கடலுக்குப் பழைய ஆட்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கை முறிந்தவரைப் பார்க்கப் போகிறபோது, அவருடைய வீட்டில் வயதான தொழிலாளி எவராவது இருந்தால் கேளுங்கள். கிடைத்தால் அறிவித்தலின் முதல் சொல்லாக அதைப் போடுங்கள், எனக்கும் எழுதி அனுப்புங்கள்.